மூக்கில் கறுப்பு மேடு: பயாப்ஸி எடுக்காமல் ஒளியை வைத்தே கண்டுபிடித்துவிட முடியாதா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மூக்கின் பக்கவாட்டில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, பளபளவென்று ஒரு மேடு. இரண்டு வருடமாக இருக்கிறது, மெல்ல வளர்கிறது, முகம் துடைக்கும்போது சில நாள் ரத்தம் கசிகிறது. தோல் மருத்துவர் கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு பயாப்ஸி எடுக்கச் சொல்லியிருக்கிறார். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அம்மா மறுக்கிறார். வெட்டாமலே தோலுக்குள் இருக்கும் செல்லைக் காட்டும் லேசர் இயந்திரங்கள் வெளிநாட்டில் இருப்பதாக நீங்கள் படித்திருக்கிறீர்கள். அங்கே அழைத்துப் போனால் பயாப்ஸியைத் தவிர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இயந்திரங்கள் இருப்பது உண்மை, நல்ல இயந்திரங்கள்தான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, அம்மாவின் மூக்கில் இருக்கும் அந்த மேட்டின் விஷயத்தில் அவை எதையாவது மாற்றுமா என்பது. மாற்றாது என்பது என் கருத்து. ஒளியால் ஆகக்கூடிய வேலையில் பெரும்பகுதியை உங்கள் மருத்துவர் கையிலிருந்த அந்தச் சின்னக் கருவி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. மிச்சமிருக்கும் கேள்விகள் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தீரும். சும்மா இப்படிச் சொன்னால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். நான் தோல் மருத்துவர். டெர்மாஸ்கோப் என்கிற அந்தச் சின்னக் கருவி இல்லாமல் ஓபி பார்ப்பதில்லை. நீங்கள் படித்த மாதிரி இயந்திரங்களான கான்ஃபோக்கல், ஓசிடி இரண்டையும் வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தபோது கையாண்டிருக்கிறேன். அந்த மேடு இன்னதுதான் என்று மட்டும் இங்கிருந்து சொல்ல மாட்டேன். படம் அனுப்பினாலும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சின்னக் கருவியிலிருந்து தொடங்குவோம். டெர்மாஸ்கோப் என்பது விளக்கு பொருத்திய லென்ஸ். பொதுவாக 10 மடங்கு பெரிதாக்கும், அவ்வளவுதான். பெரிதாகக் காட்டுவதை எந்தப் பூதக்கண்ணாடியும் செய்துவிடும். இதன் சாமர்த்தியம், தோலின் மேற்பரப்பில் தெறிக்கும் வெளிச்சத்தை ஒழித்துக்கட்டுவதில் இருக்கிறது. தோலின் ஆக மேலடுக்கு இறந்த செல்களால் ஆன கெரட்டின் படலம். அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தால் விழும் ஒளியில் ஒரு பங்கு மேலேயே திரும்பிவிடுகிறது. அந்தப் பளபளப்பு உள்ளே இருப்பதை மறைத்துவிடுகிறது. பஜ்ஜி வைத்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் அடுத்த பக்கத்து எழுத்து தெரியுமே, தோலிலும் நடப்பது அதேதான். ஸ்கேன் ஜெல்லோ சானிடைசரோ ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடியை வைத்து அழுத்தினால் கெரட்டின் படலம் கண்ணுக்குத் தடையாக இருப்பதில்லை. இப்போது வரும் பல கருவிகளில் ஜெல்லே வேண்டாம். குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்கள் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை வடிகட்டிவிடுகின்றன.

உள்ளே பார்த்ததும் முதலில் உதவுவது நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். கெரட்டின் அடுக்கில் இருந்தால் கறுப்பு. மேல்தோலின் அடிவரிசையில் இருந்தால் பழுப்பு. அதற்குக் கீழே உள்தோலின் தொடக்கத்தில் சாம்பல். இன்னும் ஆழத்தில் நீலம். பொருள் ஒன்றுதான். ஆழத்திலிருந்து வரும்போது நீல ஒளி அதிகம் சிதறி மேலே திரும்புவதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. ஆகவே ஒரு மேட்டில் நீலச் சாம்பல் உருண்டைகள் தெரிந்தால், நிறமி சுமந்த ஏதோ ஒன்று உள்தோலில் கூடு கட்டியிருக்கிறது என்று கத்தி வைக்காமலே தெரிந்துவிடுகிறது.

நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனையைக் கேட்டால் எந்தத் தோல் மருத்துவருக்கும் மூன்று நான்கு பெயர்கள் மனதில் ஓடும். வயதானவர்களுக்கு வரும் சாதாரண கறுப்பு மரு, நெடுநாள் மச்சம், பேசல் செல் கார்சினோமா என்கிற தோல் புற்று, அரிதாக, மெலனின் தயாரிக்கும் செல்களில் தொடங்கும் ஆபத்தான புற்றான மெலனோமா. வெள்ளைக்காரர்களின் பேசல் செல் கார்சினோமா பெரும்பாலும் இளஞ்சிவப்பு முத்துபோல இருக்கும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் கறுப்பாகவே வரும். மச்சம் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுவதற்கு அதுவே காரணம். டெர்மாஸ்கோப்பில் அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. மச்சத்தில் இருக்கும் வலைப்பின்னல் இதில் இருக்காது. அதற்குப் பதிலாகப் பெரிய நீலச் சாம்பல் முட்டைகள், விளிம்பில் இலை வடிவப் பட்டைகள், சக்கரத்து ஆரக்கால் போன்ற கோடுகள், மரக்கிளைபோல் பிரிந்து ஓடும் பளிச்சென்ற சிவப்பு ரத்த நாளங்கள், சின்னப் புண். ஆஸ்திரேலியாவின் மென்சிஸும் சகாக்களும் 2000-ல் இவற்றை ஒழுங்குபடுத்தினார்கள்: வலைப்பின்னல் இல்லாமல், இந்த அடையாளங்களில் ஒன்றாவது இருந்தால் சந்தேகம் வலுவாகிறது. உங்கள் மருத்துவர் ஒரு நிமிடத்துக்குள் கருவியை எடுத்துவிட்டார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். இவற்றில் இரண்டு கண்ணில் பட்டிருந்தால் ஒரு நிமிடமே அதிகம்.

இந்தக் கருவியின் பலனுக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நோயாளியை நேரில் பார்க்கும் நிலையில், தேவையில்லாமல் சந்தேகப்படும் அளவை இரண்டு பக்கமும் சமமாக வைத்துக் கணக்கிட்டபோது, 100 மெலனோமாவில் 76 வெறுங்கண்ணுக்கு அகப்பட்டது. டெர்மாஸ்கோப்போடு பார்த்தால் 92. பயிற்சி இல்லாதவர் கையில் இந்த வித்தியாசம் வராது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வெளிர்நிறத் தோலில் நடந்தவை என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, 10 மடங்கு போதாது, செல்லையே பார்க்க வேண்டும் என்றால்? இங்கேதான் தோல் முரண்டு பிடிக்கிறது. தோல் ஒளியை விழுங்குவதைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. கொலாஜன் நார், செல்லின் உட்கரு, மெலனின் துகள் என்று ஒவ்வொன்றும் கதிரை லேசாகத் திருப்பிவிடும்; பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் போவதற்குள் கதிர் பலமுறை திசை மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அகச்சிவப்பை ஒட்டிய ஒளி குறைவாகச் சிதறும், மெலனினும் அதைக் குறைவாகவே உறிஞ்சும்; அதனால் பெரும்பாலான இயந்திரங்கள் 800 முதல் 1300 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அப்படியும் ஒரு பேரம் மிஞ்சுகிறது: செல் தெரிய வேண்டுமா, ஆழம் தெரிய வேண்டுமா, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள். ஒவ்வொரு இயந்திரத்தையும் இந்தப் பேரத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். கணக்குக்கு ஒரு அளவு: முகத்தில் மேல்தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்தோல் அதற்குக் கீழே மில்லிமீட்டர் கணக்கில் போகிறது.

செல்லின் பக்கம் சாய்ந்தது கான்ஃபோக்கல் நுண்ணோக்கி. மூலக் கருத்து மார்வின் மின்ஸ்கியுடையது. செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர்போன அதே மின்ஸ்கிதான். மூளையின் நரம்பு செல்களைப் பார்க்க வேண்டும் என்று 1957-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒளியை ஒரே புள்ளியில் குவித்து, திரும்பி வரும் ஒளியை ஊசித்துளை வழியாக மட்டும் உள்ளே விடுவது அவருடைய யோசனை. குவிந்த புள்ளியிலிருந்து வருவது துளையில் நுழையும்; மேலும் கீழும் இருந்து வரும் சிதறல் துளைக்கு வெளியே விழுந்துவிடும். அந்தப் புள்ளியை வரிவரியாக நகர்த்தினால் ஒரு தளத்தின் படம் கிடைக்கும். இதை உயிருள்ள மனிதத் தோலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மிலிந்த் ராஜாத்யக்ஷா. பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் வெல்மன் ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் செய்த வேலை 1995-ல் வெளியானது. மெலனின்தான் இந்த முறையில் பிரகாசமாகத் தெரியும் இயற்கைச் சாயம் என்று அவர்கள் காட்டினார்கள். சாயம் ஏற்ற வேண்டாம், ஊசி வேண்டாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நடுவில் பிளாஸ்டிக் சன்னல் உள்ள உலோக வளையத்தை ஒட்டுவோம். அதற்குள் ஜெல் நிரப்பி, இயந்திரத்தின் தலையைக் காந்தத்தால் அந்த வளையத்தில் பொருத்துவோம். 830 நானோமீட்டர் லேசர். சாதாரண கண்ணுக்கு அது கிட்டத்தட்டத் தெரியாது, சூடும் உறைக்காது. நோயாளி பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். நெஞ்சில் வைத்துப் பார்த்தால் மூச்சுக்கு மூச்சு படம் ஆடும். திரையில் வருவது கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் கிடைமட்ட வெட்டு. பேத்தாலஜி ஸ்லைடில் தோலை மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஒன்றுமே புரியாது. பழகிய பின் தேன்கூட்டு அறைகளாக மேல்தோல் செல்கள், இன்னும் கீழே போனால் கறுப்பு வட்டங்களைச் சுற்றி வெள்ளை வளையங்கள். கறுப்பு வட்டம் உள்தோல் மேலே முட்டி நிற்கும் இடம்; வளையம் அதைச் சூழ்ந்த அடிவரிசை செல்களின் மெலனின். நம் நிறத்தவர்களுக்கு அந்த வளையங்கள் அப்படி ஜொலிக்கும். வெளிர்நிறத் தோலில் மங்கலாகவே தெரியும். கொஞ்சம் பொறுமையாக வட்டத்துக்குள் பார்த்தால் நுண்குழாயில் ரத்த செல்கள் ஓடுவதையே பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

பக்கவாட்டில் ஒரு மைக்ரான் அளவிலான நுணுக்கம். ஆழம்? சுமார் 200 முதல் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் வெறும் மூட்டம். இந்த ஒரு எண்ணில்தான் அதன் எல்லா வரம்பும் அடங்கியிருக்கிறது. மூக்கில் மேடாக எழும்பிய கட்டியின் மேல் பாகத்தை மட்டும் அது காட்டும். அடிப்பாகம் எங்கே முடிகிறது, குருத்தெலும்பை நோக்கி வேர் விட்டிருக்கிறதா என்பது தெரியாது. மெலனோமாவாக இருந்தால் சிகிச்சையைத் தீர்மானிப்பது அதன் தடிமன். இப்போதைய வகைப்பாட்டில் 0.8 மி.மீ. என்பதே ஒரு முக்கியக் கோடு. கால் மில்லிமீட்டர் வரை பார்க்கும் கருவி 0.8 மில்லிமீட்டரை அளக்க முடியாது. இன்னொன்று, மூக்கின் வளைவில் அந்த வளையம் சரியாக உட்காராது. அதற்கென்று கையில் பிடிக்கும் சிறிய வடிவம் இருக்கிறது. அதில் ஒரு சமயத்தில் தெரிவது சுமார் ஒரு மில்லிமீட்டர் சதுரம்தான்.

உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் இது இன்னும் திணறும். அங்கே கெரட்டின் அடுக்கே மிகவும் தடித்திருக்கும். லேசர் செல்களைத் தொடுவதற்கு முன்பே மூட்டம் தொடங்கிவிடும். நம் நாட்டில் மெலனோமா அரிது, வரும்போது கணிசமானவை உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகின்றன. விலை உயர்ந்த இயந்திரம் நமக்குத் தேவைப்படும் இடத்தில்தான் பலவீனமாக இருக்கிறது. டெர்மாஸ்கோப்போ அங்கே அழகாக வேலை செய்கிறது. உள்ளங்கால் ரேகைகளில் பள்ளத்தில் நிறமி ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் ஓடினால் மெலனோமா சந்தேகம். ஜப்பானில் சைதா என்ற தோல் மருத்துவரும் அவர் குழுவும் வகுத்துக் கொடுத்த விதி இது.

கான்ஃபோக்கலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே கோக்ரேன் வரிசையில் வந்த தொகுப்பாய்வில், 100 மெலனோமாவில் 90-ஐப் பிடிக்கும்படி இரண்டையும் சமப்படுத்திப் பார்த்தபோது, மெலனோமா அல்லாதவற்றில் 82 சதவீதத்தைக் கான்ஃபோக்கல் சரியாக விலக்கியது. டெர்மாஸ்கோப் 42 சதவீதத்தை. வெள்ளைக்காரர்கள் உடம்பில் மச்சம் அள்ளித் தெளித்தாற்போல் இருக்கும். எதை வெட்டுவது எதை விடுவது என்ற குழப்பத்தில் இந்த வித்தியாசம் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. முகத்தில் தட்டையாகப் படரும் ஒருவகை மெலனோமா இருக்கிறது, விளிம்பு எங்கே முடிகிறதென்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அறுவைக்கு முன் அந்த விளிம்பைக் கோடு போட்டுக் கொடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்றே சொல்வேன். அமெரிக்காவில் 2016 முதல் இந்தப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணக் குறியீடே உண்டு. ஆனாலும் தடுமாறும் இடங்கள் இருக்கின்றன. கிளை கிளையாகப் பிரகாசிக்கும் செல் ஒன்றைப் பார்த்தால் அது மெலனின் தயாரிக்கும் செல்லா, நோயெதிர்ப்பு வேலை செய்யும் லாங்கர்ஹான்ஸ் செல்லா என்று படத்தில் பிரிக்க முடியாது. கறுப்பான பேசல் செல் கார்சினோமாவுக்குள் இரண்டுமே இருக்கலாம். அதனால் அது சில சமயம் மெலனோமா வேஷம் போடும். நம்மவர்களிடம் அதிகம் காண்பது இந்தக் கறுப்பு வகைதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆழத்தின் பக்கம் சாய்ந்தது ஓசிடி. கண் மருத்துவமனையில் விழித்திரைக்கு எடுப்பார்களே, அதே தொழில்நுட்பம். அல்ட்ராசவுண்ட் எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளிக்கு அப்படி நேரம் பார்க்க எந்த மின்னணுக் கடிகாரமும் போதாது. ஆகவே ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தோலுக்கும் மற்றொன்றைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பிய இரண்டையும் கலக்கும்போது உண்டாகும் குறுக்கீட்டுப் பட்டைகளிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். எம்ஐடியின் ஃபுஜிமோட்டோ குழு 1991-ல் இதை வெளியிட்டது. தோலுக்கு 1300 நானோமீட்டர் அளவிலான ஒளி. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை செங்குத்து வெட்டாகவே தெரியும். விலை என்னவென்றால், தனித்தனி செல் தெரியாது. பேசல் செல் கார்சினோமாவின் கூடுகள் கறுத்த முட்டைகளாக, ஓரத்தில் மெல்லிய இருண்ட கோட்டோடு தெரியும். அது தெரிந்தால் நல்ல நம்பிக்கையோடு சொல்லலாம். மெலனோமாவா இல்லையா என்று கேட்டால் ஓசிடியை நம்பி நான் முடிவெடுக்க மாட்டேன்.

"பயாப்ஸியைத் தவிர்க்கலாமா" என்ற உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக மருத்துவமனை முன்னின்று நடத்தி 2022-ல் வெளியானது. பேசல் செல் கார்சினோமா என்று சந்தேகம் உள்ள ஏறக்குறைய 600 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் பயாப்ஸி. மற்றக் குழுவில் ஓசிடியில் உறுதியாகத் தெரிந்தால் நேராகச் சிகிச்சை, தெரியாவிட்டால் பயாப்ஸி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஓசிடி குழு பின்தங்கவில்லை. அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை. நீங்கள் படித்தது இந்தச் செய்தியாகவோ இதையொட்டிய ஒன்றாகவோ இருக்கலாம். ஆனால் ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூக்கு, கண்ணைச் சுற்றிய இடம், உதடு, காது ஆகியவை முகத்தின் ஆபத்தான வட்டாரம். அங்கே இருந்த கட்டிகளை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அங்கே கட்டியின் உட்பிரிவு சரியாகத் தெரியாமல் சிகிச்சை செய்தால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம், மீண்டும் வந்தால் இழப்பதற்குச் சதையும் குறைவு. அம்மாவின் மேடு இருப்பது சரியாக அந்த வட்டாரத்தில். நெதர்லாந்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அந்த ஆய்வின்படி அம்மாவுக்கு பயாப்ஸிதான்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் முயற்சி நடக்கிறது. பிரான்ஸில் ஆர்னோ துபுவாவும் சகாக்களும் உருவாக்கிய எல்சி-ஓசிடி ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டிய நுணுக்கத்தோடு அரை மில்லிமீட்டர் வரை போகிறது. செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் படம் தரும். வரும் வருடங்களில் நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். மல்டிஃபோட்டான் என்று இன்னொன்று, கொலாஜனையும் எலாஸ்டினையும் சாயமில்லாமல் தனித்தனியாகக் காட்டும். படம் கொள்ளை அழகு. முதுமை, அழகுசாதன ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. உங்கள் கேள்விக்கு அதில் ஒன்றும் இல்லை.

போனில் படமெடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டான்ஃபோர்ட் குழு 2017-ல் ஒரு லட்சத்து 29 ஆயிரம் படங்களைக் கொடுத்துப் பழக்கிய நிரல், தோல் மருத்துவர்களுக்கு இணையாகப் பிரித்துச் சொன்னது என்பது உண்மை. ஆனால் பழக்கிய படங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். இத்துறையில் எல்லோரும் எடுத்தாளும் 10,015 டெர்மாஸ்கோப் படங்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அவை வியன்னாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்தும் வந்தவை. மாநிறமும் கறுப்புமான தோலில் அந்த நிரல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்னும் முடிவாகாத விஷயம். செயலி 'ஆபத்து' என்றால் மருத்துவரிடம் போங்கள், 'ஆபத்தில்லை' என்றாலும் ரத்தம் கசியும் மேட்டோடு வீட்டில் இருக்காதீர்கள்.

இப்போது அம்மாவின் பயம். பேசல் செல் கார்சினோமா உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவதே மிக மிக அரிது. பயாப்ஸி எடுத்ததால் அது பரவுவதில்லை. மெலனோமாவிலும் பயாப்ஸி எடுத்ததால் நோயாளியின் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: நோய் முற்றிய பிறகுதான் பலர் கத்திக்கு வருகிறார்கள், அதற்குப் பின் நடப்பதெல்லாம் கத்தியின் தலையில் விழுகிறது. பயாப்ஸி என்றதும் ஆபரேஷன் தியேட்டரைக் கற்பனை செய்கிறார் போலிருக்கிறது. உண்மையில் மரத்துப்போகும் ஊசி ஒன்று, மூக்கில் அது கொஞ்சம் சுரீரென்றுதான் இருக்கும், மறைக்கவில்லை. அதன்பின் 3 அல்லது 4 மி.மீ. விட்டமுள்ள வட்டக் கத்தியால் ஒரு சிறு துண்டு, ஒரு தையல், பிளாஸ்திரி. அதே நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். மேடு சிறியதாக இருந்தால் சோதனைக்கு எடுப்பதையே முழுதாக எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு அது ஒரே கல்லில் முடிந்துவிடும்.

பயாப்ஸியும் கடவுள் வாக்கல்ல. எடுத்த துண்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே அது சொல்லும். ஓரத்தில் எடுத்தால் உட்பிரிவு தவறிப்போகலாம். இந்த இடத்தில் டெர்மாஸ்கோப் மீண்டும் உதவிக்கு வருகிறது: எங்கே குத்தி எடுக்க வேண்டும் என்று அதைப் பார்த்தே குறிக்கிறோம். ஆனால் திசு கையில் இருந்தால் சந்தேகம் வந்தபோது இன்னொரு வெட்டு, இன்னொரு சாயம், இன்னொரு பேத்தாலஜிஸ்டின் கண் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒளிப்படத்தில் அந்த வசதி கிடையாது.

சில நடைமுறை விஷயங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பயாப்ஸிக்கு முன் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். புண் ஆறியபின் கட்டி சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று அறுவை மருத்துவர் தேடும்போது அது கைகொடுக்கும். பேசல் செல் கார்சினோமாவாகவே இருந்தால் சில வாரத் தாமதத்தில் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. மெலனோமாவாக இருந்தால் கெடும். எது என்று தெரியாத நிலையில் விசா, டிக்கெட் என்று மாதங்களைக் கரைக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம், யார் சொன்னாலும் அதைச் சுட்டுவிடாதீர்கள். சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைப்பது, குதிரைவால் முடியால் கட்டுவது, அழகு நிலையத்தில் 'மச்சம் எடுக்கிறோம்' என்று லேசரால் கருக்குவது, எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: மேலே இருப்பது போய்விடும், ஆய்வகத்துக்கு அனுப்பத் திசு இருக்காது, அடியில் இருப்பது தழும்புக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் வளரும். அப்படி வந்தவர்களைப் பார்க்கும்போது டெர்மாஸ்கோப்பிலும் வெறும் தழும்புதான் தெரியும். எடுக்கும் திசு எதுவானாலும் அது ஃபார்மலின் பாட்டிலில் அம்மாவின் பெயரெழுதிப் பேத்தாலஜிக்குப் போகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் இரண்டு வரிகளை மட்டும் மருத்துவரிடம் விளக்கச் சொல்லுங்கள்: எந்த உட்பிரிவு, முழுதாக எடுத்திருந்தால் விளிம்பில் மிச்சம் இருக்கிறதா. நாடுலர் என்று இருந்தால் வழக்கமான அறுவை பெரும்பாலும் போதும். இன்ஃபில்ட்ரேட்டிவ், மார்ஃபியாஃபார்ம் போன்ற சொற்கள் இருந்தால், விளிம்பை அவ்வப்போதே நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டு அடுக்கடுக்காக எடுக்கும் மோஸ் அறுவைக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியூர் போக வேண்டியிருந்தால் அதற்குப் போகலாம்.